வெளியூர்ப் பிள்ளைகளுக்கு: இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பற்றி ஒரு திறந்த மடல்



உங்களில் பெரும்பாலானோரை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் அப்பா அம்மாவின் கை நரம்புகள் எனக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கையில் குத்தினால் ஒரே தடவையில் ரத்தம் வரும், யாருக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும், யார் காபியைக் குடித்துவிட்டு "வெறும் வயிறுதாம்மா" என்று கூசாமல் சொல்வார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேப் வைத்திருக்கிறேன். சென்னை, பெங்களூரு, துபாய், சிங்கப்பூர், டல்லாஸ் என்று நீங்கள் எங்கெங்கோ இருக்கிறீர்கள். செல்போனிலேயே பணம் கட்டி, 'முழு உடல் பரிசோதனை' என்று ஒரு பேக்கேஜை எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். நான் காலையில் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கிறேன். சில டெஸ்ட்டுகளை இங்கேயே போடுவோம், மற்றதை ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்புவோம். மறுநாள் பி.டி.எஃப். உங்கள் கைக்கு வந்துவிடும்.

அதற்கப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்குப் போன் வரும். சர்க்கரை ஏறியிருந்தால் நீங்கள் என்னைக் கூப்பிடுவதில்லை, அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டுகிறீர்கள். கொழுப்புக்கும் அப்படித்தான். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு வரிகள் சிவப்பு எழுத்தில் வந்தால் மட்டும் யாரைத் திட்டுவது என்று தெரியாது. உடனே எனக்குப் போன். "அக்கா, அப்பாவுக்கு இன்ஃபெக்‌ஷனா? ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கச் சொல்லவா?" "கூகுள்ல கேன்சர்னு போட்டிருக்கே?" "ஹார்ட் அட்டாக் வந்துருமா?"

நான் டாக்டர் இல்லை. அந்த டெஸ்ட் எப்படி நடக்கிறது, அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது என் தொழில். அதை ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதலில் இது. உடம்பில் ஓரிடத்தில் அடிபட்டாலோ, கிருமி புகுந்தாலோ, உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே தடம் மாறி மூட்டையோ தோலையோ தாக்கினாலோ, அந்த இடம் சிவக்கும், சூடேறும், வீங்கும், வலிக்கும். இந்த நான்கையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செல்சஸ் என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். மருத்துவர்கள் இதை அழற்சி என்பார்கள். கை கால் என்றால் கண்ணுக்குத் தெரியும், உள்ளுறுப்பு என்றால் தெரியாது. அங்கிருந்து சில வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகின்றன. அவற்றில் முக்கியமானது இன்டர்லூக்கின்-6. அது வந்து சேர்ந்ததும் கல்லீரல் சில புரதங்களை வழக்கத்தைவிடப் பல மடங்கு தயாரித்து ரத்தத்தில் விடும். நாங்கள் அளப்பது அந்தப் புரதங்களை, அல்லது அவற்றால் ரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தை. கோளாறு முழங்காலில் இருந்தாலும், பல் ஈறில் இருந்தாலும், நுரையீரலில் இருந்தாலும் கல்லீரல் செய்வது ஒரே வேலைதான். "எங்கே இருக்கு அக்கா?" என்று நீங்கள் கேட்கும்போது நான் பதில் சொல்லாமல் இருப்பது தெரிந்துகொண்டு மறைப்பதற்காக இல்லை. அந்தத் தகவல் ரத்தத்தில் இல்லவே இல்லை.

இரண்டில் மூத்தது இ.எஸ்.ஆர். இதைப் போல எளிமையான டெஸ்ட் லேபில் வேறு கிடையாது. நாலு பங்கு ரத்தத்தோடு ஒரு பங்கு சிட்ரேட் கரைசலைக் கலந்து, 200 மில்லிமீட்டர் வரை கோடு போட்ட ஒல்லியான கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் நேராக நிறுத்துவோம். சரியாக ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், சிவப்பணுக்கள் கீழே இறங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்திருக்கும். எத்தனை மில்லிமீட்டர் தெளிந்திருக்கிறதோ அதுதான் உங்கள் பி.டி.எஃப்.பில் வரும் எண். 1897-இல் போலந்து மருத்துவர் பியர்நாட்ஸ்கி இதை முதலில் கவனித்து எழுதினார். 1918-இல் ஸ்வீடனின் ஃபோரேயஸ், கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இந்த இறக்கம் வேகமாக இருப்பதைக் கண்டார். கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க இது உதவும் என்பதுதான் அவருக்கு அப்போதிருந்த எண்ணம். 1921-இல் அதே நாட்டின் வெஸ்டர்கிரென், காசநோயாளிகளை வைத்து இதை முறைப்படுத்தினார். இன்றைக்கும் எங்கள் ஸ்டாண்டில் நிற்பது அவர் பெயர் கொண்ட குழாய்தான். இப்போது மெஷின்கள் வந்துவிட்டன, சில நிமிஷத்தில் கணக்குப் போட்டு அதே அளவில் எண்ணைத் தந்துவிடும்.

ஏன் வேகமாக இறங்குகிறது? சிவப்பணுக்கள் எல்லாவற்றின் மேலும் ஒரே மின்னூட்டம் இருப்பதால் சாதாரணமாக ஒன்றையொன்று தள்ளி நிற்கும். அழற்சியின்போது ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும். அது அந்தத் தள்ளலைக் குறைத்துவிடும். அணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, கனத்தால் சீக்கிரம் கீழே போகும். அவ்வளவுதான் சங்கதி. அதனால்தான் இதை வேறு எதெதுவோ கெடுத்துவிடும். குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தால் எண் ஏறும். அறை சூடாக இருந்தால் ஏறும், எங்கள் ஊர்ச் சித்திரை மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரத்தம் எடுத்து மணிக்கணக்கில் வைத்திருந்துவிட்டு ஏற்றினால் குறையும். சென்ட்ரிஃபியூஜ் ஓடுகிற மேசையிலேயே ஸ்டாண்டை வைத்தால், அந்த அதிர்வில் வருகிற எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் எண்ணை ஏற்றுபவை இன்னும் இரண்டு இருக்கின்றன: வயதும் ரத்தசோகையும். பல லேப் ரிப்போர்ட்டுகளில் இ.எஸ்.ஆரின் இயல்பு அளவு எல்லா வயதுக்கும் சேர்த்து 'இருபது வரை' என்று அச்சாகியிருக்கும். முப்பது வயதுக்காரருக்கு அது சரி. மருத்துவர்கள் மனக்கணக்காக வைத்திருக்கும் ஒரு வழி உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதி. 68 வயது அம்மாவுக்கு அந்தக் கணக்கில் 39 வரை வரலாம். அவருக்கு 36 வந்தால் கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டும், நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

ரத்தசோகைக்கு ஒரு அம்மாவைச் சொல்கிறேன். மகன் வெளிநாட்டில். இ.எஸ்.ஆர். 62 என்று பார்த்துவிட்டு, ஒரே வாரத்தில் சி.டி. ஸ்கேன், டி.பி. டெஸ்ட், புற்றுநோய்க் குறியீடுகள் என்று பட்டியல் போட்டு அனுப்பிவிட்டார். அதே ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் ஹீமோகுளோபின் 8.4 என்று இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் இறங்குவதற்கு இடைஞ்சல் குறையும், இ.எஸ்.ஆர். தானாக ஏறும். அந்த அம்மா வருஷக்கணக்காகச் சோர்வாகத்தான் இருந்திருக்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்திருக்கிறார். அவரிடம் கேட்டதில் அரை மணி நேரத்தில் இவ்வளவும் தெரிந்தது. மகனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது 62 மட்டும். டாக்டர் இரும்புச்சத்துக் குறைவு என்று கண்டுபிடித்து, அது எதனால் என்று தேடச் சொன்னார். ஸ்கேன் பட்டியல் அப்படியே நின்றது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேக்கேஜில் இதுவும் வருகிறது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் அழற்சியில் ஏறுகிற புரதம். உள்ளே இரும்பு காலியாக இருக்கும்போதே, மூட்டு வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் ஃபெரிட்டின் 'நார்மல்' என்று வரும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்றும், தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழேயே குறைவு என்றும் இரண்டு எல்லைகள் வைத்தார்கள். ரிப்போர்ட்டில் ஒரு எல்லைதான் அச்சாகும். சி.ஆர்.பி. ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் ஃபெரிட்டினைப் படித்தால் அம்மாவின் ரத்தசோகை இன்னும் இரண்டு வருஷம் கண்டுபிடிக்கப்படாமல் போகும்.

அடுத்தது சி.ஆர்.பி. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நிமோனியாக் கிருமியின் செல்சுவரிலிருந்து பிரித்தெடுத்து 'சி' என்று பெயரிட்டிருந்த ஒரு பொருளோடு அந்த ரத்தநீரைச் சேர்த்தால் திரிந்து படிந்தது. நோயாளி குணமானபின் அவருடைய ரத்தநீரில் அப்படி நடக்கவில்லை. அந்தப் பொருளோடு வினைபுரிகிற புரதம் என்பதால்தான் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி. என்ற பெயர். பிறகு பார்த்தால் நிமோனியாவில் மட்டும் இல்லை, வாதக் காய்ச்சல், மாரடைப்பு, அறுவை சிகிச்சை, தீக்காயம் எல்லாவற்றிலும் ஏறுகிறது என்று தெரிந்தது.

இ.எஸ்.ஆரைவிட இது சுறுசுறுப்பானது. கோளாறு தொடங்கி ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், இரண்டு நாளில் உச்சிக்குப் போகும். சில நேரம் இயல்பைவிட ஆயிரம் மடங்கு வரை கூட ஏறும். தூண்டுதல் நின்றதும் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இ.எஸ்.ஆர். அப்படியில்லை, நோய் போனபின்னும் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் மூன்று நாள் விட்டு மறுபடி சி.ஆர்.பி. கேட்பது இதனால்தான். பாக்டீரியா தொற்றில் வெகுவாக ஏறும், டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. ஆனால் வைரஸா பாக்டீரியாவா என்று அது ஒன்றை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அதை நம்பி மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவதும் சரியில்லை.

நான் தொழிலுக்கு வந்தபோது சி.ஆர்.பி.க்கு எண்ணே கிடையாது. கறுப்பு ஸ்லைடு. ஒரு சொட்டு ரத்தநீர், ஒரு சொட்டு பால் மாதிரி வெள்ளை லேட்டக்ஸ் கரைசல், குச்சியால் கலந்து, கையில் எடுத்து இரண்டு நிமிஷம் மெல்ல ஆட்ட வேண்டும். மணல் மணலாகத் திரண்டால் பாசிட்டிவ், பால் பாலாகவே இருந்தால் நெகட்டிவ். இரண்டு நிமிஷம் தாண்டிப் பார்த்தால் ஓரம் காய்ந்து, இல்லாததும் திரண்டதுபோலத் தெரியும். சி.ஆர்.பி. மிக மிக அதிகமாக இருந்தாலோ திரளாமலே ஏமாற்றும், அப்போது ரத்தநீரை நீர்த்துப்போகச் செய்து மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு ஆறு மில்லிகிராமுக்கும் கீழே அந்த ஸ்லைடுக்குக் கண் தெரியாது. அந்தக் காலத்தில் இந்த டெஸ்ட் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. தொண்டை வலி போய், மூட்டு வீங்கி, அது இதய வால்வைத் தாக்குகிற வாதக் காய்ச்சலா என்று பார்ப்பதற்கு. ஏ.எஸ்.ஓ. என்ற இன்னொரு டெஸ்ட், சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். மூன்றும் ஒரே சீட்டில் எழுதி வரும். இதில் ஏதோ ஒன்று பாசிட்டிவ் என்பதற்காகவே, வேறு அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கும் மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி வருஷக்கணக்காகப் போட்டதை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். பிள்ளையைப் பார்க்காமல் சீட்டைப் பார்க்கிற பழக்கம் உங்கள் தலைமுறையில் தொடங்கியது என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் பேக்கேஜில் வருவது ஹெச்.எஸ். சி.ஆர்.பி. புரதம் அதேதான், மெஷின் நுணுக்கமாக அளக்கிறது. லிட்டருக்கு அரை மில்லிகிராமா, ஒன்றா, மூன்றா என்பதையெல்லாம் பிரித்துச் சொல்லும். எதற்கு இந்த நுணுக்கம்? மாரடைப்புக்காக. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு சும்மா படிவதில்லை, அங்கே மெல்லிய அழற்சியும் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கருத்து வலுப்பட்டபோது, அமெரிக்காவின் பால் ரிட்கர் 1997-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். வெளியே ஆரோக்கியமாகத் தெரிந்த ஆண்களில் இந்த அளவு அதிகம் இருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்தன. 2003-இல் அமெரிக்க இதய சங்கம் எல்லை வகுத்தது: ஒன்றுக்குக் கீழே அபாயம் குறைவு, ஒன்று முதல் மூன்று நடுத்தரம், மூன்றுக்கு மேல் அதிகம். அதே ரிட்கர் குழு 2024-இல் 27,939 பெண்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவைச் சொன்னது. ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை எடுத்த ரத்தத்தில் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பகுதியினருக்கு, மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பகுதியினரைவிட இதய நோய் அபாயம் 70 சதவீதம் கூடுதல். கெட்ட கொழுப்புக்கு அதே கணக்கு 36 சதவீதம். ஆக, இந்த எண்ணில் விஷயம் இருக்கிறது. வெறும் வியாபாரம் என்று நான் ஒதுக்கவில்லை.

ஆனால் அபாயத்தைக் காட்டுகிற ஒன்று அந்த அபாயத்துக்குக் காரணமாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. 2008-இல் கோபன்ஹேகனில் இதை அழகாகச் சோதித்தார்கள். பிறவியிலேயே, மரபணுவின் காரணமாகவே, சி.ஆர்.பி. சற்று அதிகமாக இருக்கிறவர்கள் உண்டு. சி.ஆர்.பி.தான் குற்றவாளி என்றால் அவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வர வேண்டுமே? வரவில்லை. 2012-இல் இன்டர்லூக்கின்-6 வேலை செய்யும் பாதையை இதேபோல ஆராய்ந்தபோது, அதில் பிறவி மாற்றம் உள்ளவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வில்லன் மேலே எங்கோ இருக்கிறான். சி.ஆர்.பி. அவன் நடமாட்டத்தைச் சொல்கிற ஆள். அந்த ஆளை அடக்கினால் என்ன கிடைக்கும்?

"சி.ஆர்.பி.யைக் குறைக்க மாத்திரை இருக்கா?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். மருந்து வைத்துப் பார்த்த கதைகளும் உண்டு. 2008-இல் ஜூபிடர் என்ற ஆய்வில், கொழுப்பு அதிகமில்லாத, ஆனால் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்த 17,802 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 44 சதவீதம் குறைந்தன. ஆனால் அந்த மாத்திரை கொழுப்பையும் சேர்த்துக் குறைக்கும், எதனால் பலன் என்று பிரிக்க முடியாது. 2017-இல் கான்டோஸ் ஆய்வில் கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்குகிற கானகினுமாப் ஊசியைப் போட்டார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேர். நடு அளவு மருந்தில் மறுபடி வருவது 15 சதவீதம் குறைந்தது. கூடவே, உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பில் வித்தியாசம் இல்லை. மறு வருஷம், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட்டைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கும் பலனில்லை, சி.ஆர்.பி.யும் அசையவில்லை. அழற்சியும் உடம்புக்குத் தேவையான வேலைதான். அதை மொத்தமாக அணைத்தால் கிருமி உள்ளே வரும்.

இந்த வரிசையில் இன்னொரு மருந்து நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. கோல்ச்சிசின், கவுட் எனும் யூரிக் அமில வாதத்துக்குப் பழைய மருந்து. 2019-இல் கோல்காட் என்ற ஆய்வு, மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 4,745 பேருக்கு அரை மில்லிகிராம் கொடுத்து நல்ல பலன் கண்டது. 2023-இல் அமெரிக்க அரசு இதயத்துக்கென்றே அதை அனுமதித்தது. 2024-இல் அதைவிடப் பெரிய ஆய்வொன்றில் பலன் தெரியவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இந்த மருந்து கிடைக்கும் செடிகளில் ஒன்று நம் மாநில மலர் செங்காந்தள். கண்வலிக் கிழங்கு என்று சொல்லி, விதைக்காகத் திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் தோட்டத்தில் பந்தல் கட்டிப் பயிரிடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் அப்பாவுக்கு அந்தக் கிழங்கை இழைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது கொல்லும் விஷம்.

மஞ்சளுக்கும் இதே பேச்சுதான். குழம்பில் போடுகிற மஞ்சளை யாரும் குறை சொல்லவில்லை. நீங்கள் ஆன்லைனில் வாங்கி அனுப்புகிற குர்குமின் மாத்திரை வேறு. உடம்பில் சரியாகச் சேராத பொருளை மிளகுச் சத்து கலந்து வலுக்கட்டாயமாகச் சேர வைக்கிறார்கள். அப்படிச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. சி.ஆர்.பி.யைத் தயாரிக்கிற கல்லீரலையே கெடுத்துவிட்டு அப்புறம் எதை அளப்பது?

2021-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் லேபுக்கு வெளியே தெரு முனை வரை வரிசை. சி.ஆர்.பி., டி-டைமர், ஃபெரிட்டின் மூன்றும் எல்லோருக்கும். எண் ஏறியதும் வீட்டிலிருந்தபடியே ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்தவர்கள் பல பேர். முந்தைய வருஷமே இங்கிலாந்தின் ரிகவரி ஆய்வு தெளிவாகச் சொல்லியிருந்தது: டெக்ஸாமெத்தசோன் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு உயிர் காத்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. மூச்சு நன்றாக விட்டுக்கொண்டிருந்த ஆட்களுக்கு எண்ணுக்காக ஸ்டீராய்டு போனது. சர்க்கரை தாறுமாறாக ஏறியது. கறுப்புப் பூஞ்சை நோய் அந்த வருஷம் இந்தியாவில் அப்படிப் பரவியதில், கட்டுப்பாடில்லாத சர்க்கரைக்கும் கண்மூடித்தனமான ஸ்டீராய்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

இனி, ராத்திரிப் போன்களில் பாதியைக் குறைக்கும் இரண்டு விஷயங்கள். ஒன்று அலகு. சில லேப்கள் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு மில்லிகிராம் என்று போடும், சில டெசிலிட்டருக்கு. ஒரு தங்கை, அப்பாவுக்குப் போன மாதம் வேறு லேபில் 0.8, இந்த மாதம் எங்களிடம் 8, "பத்து மடங்கு ஏறிருச்சே" என்று அழுதுகொண்டே பேசினார். இரண்டும் ஒரே அளவுதான், எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகைப் பார்த்தால் தெரிந்திருக்கும். இரண்டாவது, நேரம். ஹெச்.எஸ். சி.ஆர்.பி. பத்துக்கு மேல் வந்தால் அது இதயக் கணக்குக்கு உதவாது. சளி, பல் பிடுங்கியது, சிறுநீர்த் தொற்று, கீழே விழுந்தது என்று ஏதோ நடந்திருக்கிறது. அதைக் கவனித்து, ஆறியபின் மறுபடி எடுக்க வேண்டும். பத்துக்குள் இருந்தாலும் இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. பேக்கேஜில் ஒரு தடவைதான் வரும். அந்த வாரம் அப்பாவுக்கு இருமல் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை, நான் கேட்பேன், "இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே இருமுவார்.

எண் நார்மல் என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. லூப்பஸ் நோயில் இ.எஸ்.ஆர். ஏறியிருக்கும்போது சி.ஆர்.பி. பல நேரம் ஏறாது. மூட்டு வலிக்காக மெடிக்கலில் 'செட் மாத்திரை' என்று பொட்டலத்தில் வாங்கிச் சாப்பிடுகிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சி.ஆர்.பி. அடங்கிக் கிடக்கும். ரிப்போர்ட் சுத்தமாக வரும், உள்ளே மூட்டு அரித்துக்கொண்டிருக்கும்.

தள்ளிப்போடக் கூடாதவை சில. இ.எஸ்.ஆர். நூறைத் தாண்டினால் காரணம் தேடாமல் விடக் கூடாது, பெரும்பாலும் பெரிய காரணமே இருக்கும். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது, ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இவற்றோடு ஏறியிருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காசநோய் நம்மைவிட்டுப் போய்விடவில்லை. விடாத முதுகுவலி, ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு இவற்றோடு என்றால் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் மைலோமாவை டாக்டர் நினைத்துப் பார்ப்பார். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் விரல் மடங்கவில்லை, அல்லது தோளும் இடுப்பும் கட்டையாகிக் கிடக்கிறது என்றால் மூட்டுவாத மருத்துவர். அறுபது எழுபது வயதுக்காரருக்குப் புதிதாகப் பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல், கூடவே இ.எஸ்.ஆர். உச்சத்தில் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நம் ஊரில் அரிதுதான், ஆனால் தாமதித்தால் கண் போய்விடும்.

மற்றபடி, மூன்று நான்கு என்று சற்றே ஏறி நிற்கிற ஹெச்.எஸ். சி.ஆர்.பி.க்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். தொப்பை: வயிற்றுக் கொழுப்பே இன்டர்லூக்கின்-6 சுரக்கும். பீடி, சிகரெட். புகையிலை போட்டுப் போட்டு ஈறில் ரத்தம் வருவது. தூக்கமில்லாதது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை. எடை குறைந்தால், புகை நின்றால், ஈறைச் சுத்தம் செய்தால் எண்ணும் இறங்கும், அதைவிட முக்கியமாக ஆளுக்கும் நல்லது. என்னிடம் வரும் அண்ணாச்சி ஒருவரின் மகள் நாலாயிரம் ரூபாய் பேக்கேஜ் வருஷத்துக்கு இரண்டு எடுக்கிறார். அண்ணாச்சி பல் டாக்டரிடம் போனதே இல்லை. "ஆடுற பல்லு தானா விழுந்துரும்" என்கிறார். அவருடைய ஹெச்.எஸ். சி.ஆர்.பி. ஒவ்வொரு தடவையும் நாலுக்குக் குறைந்ததில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு பல் டாக்டருக்குப் போயிருக்கலாம்.

அடுத்த தடவை பேக்கேஜ் எடுக்கும் முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் எங்கே பிடிக்கிறது, எவ்வளவு நேரம்? வேட்டி, பிளவுஸ் தளர்ந்திருக்கிறதா? பல் துலக்கினால் ரத்தம் வருகிறதா? போன வாரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்ததா? டாக்டர் எழுதாத மாத்திரை என்னென்ன? இதை ஒரு தாளில் எழுதி, பழைய ரிப்போர்ட்டுகளோடு டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். எந்த டெஸ்ட் வேண்டும் என்பதை அவர் எழுதட்டும். சில நேரம் ஒன்றும் எழுத மாட்டார். எனக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கூப்பிடுங்கள், நம்பர் பி.டி.எஃப்.பின் அடியில் இருக்கிறது. காலையில் வேண்டாம், ரத்தம் எடுக்கிற நேரம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கூப்பிட்டால் குழாயெல்லாம் கழுவி வைத்துவிட்டு நிதானமாகப் பேசலாம். டல்லாஸ்காரர்கள் நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஊரில் லேப் வைத்திருக்கும் ஒரு அக்கா